குழு சைக்கிள் பயணத்தில் அடிபட்டவருக்கு ஓய்வு கொடுப்பது எப்படி: கிளம்பும் முன் தொடங்கி மீண்டும் ஏறும் வரை

நெடுந்தூரப் பயணத்தில் முட்டி வலித்தால் ஓய்வெடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலான குழுக்களில் அந்த ஓய்வு நடப்பதில்லை. வலிப்பவர் குழுவுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று மறைக்கிறார், மற்றவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள், மூன்றாம் நாள் அவரால் படியே இறங்க முடிவதில்லை. இந்த வழிகாட்டியின் அடிப்படை விதி ஒன்றுதான்: ஓய்வெடுப்பதா, ஓட்டுவதா என்ற முடிவை வலிப்பவர் கையில் விடக்கூடாது.

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை, ஏறத்தாழ 800 கி.மீ., ஏழெட்டு நாள், பத்துப் பன்னிரண்டு பேர் என்ற கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வேறு பாதையில் போகிறவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. கிளம்பும் முன்பே முடிவாக வேண்டியவை

முதலில், முடிவெடுக்கும் ஆள் யார் என்பது. குழுத் தலைவர் ஒருவர், குழுவின் கடைசியில் ஓட்டி வந்து எல்லோரையும் கவனிக்கும் காவலர் ஒருவர், இந்த இருவரும் சேர்ந்து "நீங்க இன்னைக்கு ஓட்டக்கூடாது" என்றால் அதுவே இறுதி. இதைப் பயணத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே எல்லோரிடமும் ஒப்புக்கொள்ள வையுங்கள். வலி வந்தபின் பேசினால் அது வாக்குவாதமாகும். தலைவருக்கே அடிபட்டால் யார் சொல்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அதிகம் மறைப்பவர்கள் தலைவர்கள்தான்.

அடுத்தது உபரி நாள். நான்கைந்து ஓட்ட நாளுக்கு ஒரு நாள் காலியாக இருக்கட்டும். ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டைக் கடைசி ஓட்ட நாளின் மாலைக்கே போட்டுவிட்டால், வலிப்பவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது. தேதி நெருக்கும்போது எந்த அறிவுரையும் காதில் ஏறாது.

மூன்றாவது, பாதை வரைபடத்தில் வெளியேறும் இடங்களைக் குறிப்பது. கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வரை ரயில் பக்கத்திலேயே வருகிறது. அதற்குக் கீழே பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று உள்ளே தள்ளிப்போகிறது. ராமநாதபுரத்தில் ரயில் உண்டு. ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சாயல்குடி, வேம்பார் வழியாகப் போகும் 120 கி.மீ. அளவிலான கடற்கரைத் தடத்தில் ரயிலே இல்லை. சந்தேகத்துக்கிடமான முட்டியோடு யாரையும் அந்த நீட்டில் இறக்கக்கூடாது என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதே வரைபடத்தில் மருத்துவமனைகளையும் குறியுங்கள். புதுச்சேரியில் ஜிப்மர். சிதம்பரம், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். எலும்பு முறிவா என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே வசதியும் எலும்பு மருத்துவரும் உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். சின்ன கிளினிக் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும். ஆம்புலன்ஸுக்கு 108.

மருந்துப் பையில் இருக்க வேண்டியவை: 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி ஒன்று (பெரிய துண்டும் போதும்), ஒட்டாத காஸ் துணி, மைக்ரோபோர் டேப், அரை லிட்டர் சலைன் பாட்டில், 500 அல்லது 650 மி.கி. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு நான்கு. வலி நிவாரண ஸ்ப்ரே வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. அது வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கிறதே தவிர வேறெதுவும் செய்வதில்லை. மறைந்த வலியோடு இன்னும் 40 கி.மீ. போய்விடுவார்கள்.

ஆளுக்கு 1,500 ரூபாயாவது பொதுப் பணமாகத் தனியே இருக்கட்டும். வண்டி வாடகையும் கூடுதல் அறை வாடகையும் அதிலிருந்து போகும். தன்னால்தான் செலவு என்று தெரிந்தால் யாரும் வாய் திறந்து வலி என்று சொல்ல மாட்டார்கள்.

2. ஓட்டும்போதே வலியைக் கண்டுபிடிப்பது

"வலிக்குதா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, லேசாத்தான்" என்றுதான் பதில் வரும். எனவே பார்க்கப் பழகுங்கள். கடைசியில் வரும் காவலரின் முக்கிய வேலையே இதுதான்.

பின்னாலிருந்து பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும். ஒரு முட்டி மட்டும் சட்டத்தைவிட்டு வெளியே விரிந்து சுற்றும். இடுப்பு சீட்டின் மேல் இடம் வலமாக ஆடும். பாலம் ஏறும்போது ஒரே காலால் அழுத்தி, மற்ற காலைச் சும்மா சுற்ற விடுவார்கள். கையை அடிக்கடி உதறினால் விரல் மரத்திருக்கிறது. டீக்கடையில் நிற்கும்போது எப்போதும் ஒரே காலை ஊன்றி இறங்குகிறவரையும் கவனியுங்கள்.

சந்தேகம் வந்தால் அடுத்த நிறுத்தத்தில் "அந்தப் படியில இறங்கிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். மெதுவாக, கைப்பிடி தொடாமல் இறங்க வேண்டும். முகம் சுளித்தாலோ, பக்கவாட்டில் திரும்பி இறங்கினாலோ அன்றைய ஓட்டம் அவருக்கு முடிந்தது. சமதளத்தில் நடக்கும்போது தெரியாத முட்டி வலிகூடப் படி இறங்கும்போது வெளிவந்துவிடும். உடல் எடை முழுவதும் மடங்கிய ஒற்றை முட்டியில் விழுவதுதான் காரணம்.

3. ஓய்வு மட்டும் போதாத காயங்கள்

இதை முதலில் விலக்கிவிட்டுத்தான் ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டும். வரிசை மாறினால் எலும்பு முறிவோடு ஒருவரை இரண்டு நாள் அறையில் படுக்க வைத்திருப்போம்.

தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, வாந்தி, தலைவலி, மயக்கம் இருந்தாலோ நேராக மருத்துவமனை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும் இந்தப் பயணத்தில் அவர் மறுபடி சைக்கிள் ஏறக்கூடாது. முதல் 24 மணி நேரம் ஒருவர் அவரோடு தங்க வேண்டும். அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதை மீண்டும் போடாதீர்கள்.

விழும்போது கையை ஊன்றியவர்களுக்கு மணிக்கட்டைப் பாருங்கள். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால் அங்கே இருக்கும் சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது வழக்கம். அதனால் மருத்துவர்கள் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்பார்கள். "எக்ஸ்ரே நல்லாருக்கு, கிளம்பலாம்" என்று குழு முடிவெடுப்பது இங்கேதான் பெரிய தவறாகிறது.

தோளிலிருந்து கழுத்துக்கு வரும் காறை எலும்பில் மேடு தெரிந்தால் துண்டால் தூளி கட்டிக் கையை மார்போடு தாங்கி அனுப்புங்கள். கணுக்கால் அல்லது முட்டியில் அடிபட்டவர் நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலும், முட்டியைச் செங்கோணத்துக்கு மடக்க முடியாவிட்டாலும் அப்படியே.

விழாமலே வரும் ஆபத்துகளும் உண்டு. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள் கொண்டு உடனே கிளம்புங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், அதிலும் மூச்சுத் திணறல் சேர்ந்தால், நீவி விடாமல் மருத்துவரிடம் போங்கள்.

நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அன்றே தொடங்கி 3, 7, 28-ஆம் நாள்களில் தொடரும். பயணத்தை விட வேண்டியதில்லை. அந்தந்த நாளில் எந்த ஊரில் இருப்போம் என்று பார்த்து, ஊசி அட்டையைக் கையோடு வைத்திருந்தால் போதும்.

4. வலி எங்கே என்பதைச் சரியாகப் பிடிப்பது

விழாமல், ஓட்டி ஓட்டியே வரும் வலிதான் இப்பயணங்களில் அதிகம். ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் இரண்டு நாள் படுத்திருந்தால், மூன்றாம் நாள் அதே சீட்டில் ஏறி அதே வலியை வாங்கிக்கொள்வார்கள்.

முட்டிச் சில்லின் முன்பக்கமோ அதைச் சுற்றியோ வலித்தால், சீட் தாழ்வாக இருக்கிறது அல்லது கனமான கியரில் மெதுவாக அழுத்தி ஓட்டுகிறார். புதியவர்களிடம் இரண்டாவது காரணமே அதிகம். பாதம் வட்டமாகச் சுழல வேண்டிய இடத்தில் ஏற்றம் இறைப்பதுபோல மிதிப்பார்கள். முட்டியின் பின்குழியில் வலித்தால் சீட் உயரமாக இருக்கிறது. வெளிப்பக்கம் சுரீரென்று இழுத்தால் தொடையின் வெளிப்பக்கப் பட்டை உரசுகிறது. சீட் உயரம், பாதம் அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருப்பது, இரண்டையும் பார்க்க வேண்டும்.

குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாணில் வலி வந்து, தொட்டால் நறநறவென்று உணர்ந்தால் அதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெதுவாக ஆறும் இடம் அது. உயரமான சீட், நுனிக்காலில் மிதிப்பது, கிளீட் (ஷூவைப் பெடலில் மாட்டும் கொக்கி) மிகவும் முன்னால் இருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்க நரம்பு நசுங்குகிறது. இரண்டு விரலுக்கு நடுவே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள். பிடி நழுவினால் நரம்பு சோர்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கவே கை வராது என்பதால் அவரைச் சாலையில் விடக்கூடாது.

தொடை இடுக்குப் புண்களைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். தலைவரே முதல் நாள் இரவில் இதைப் பொதுவாகப் பேசிவிட்டால் கூச்சம் போய்விடும். ஒரு நாள் உலர்வாக, தளர்ந்த லுங்கி அல்லது பருத்தித் துணியோடு இருந்தால் சாதாரண உரசல் புண் ஆறிவிடும். கட்டியாகிக் காய்ச்சலும் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

5. எந்த வகை ஓய்வு?

"மெதுவா ஓட்டிக்கிட்டு வரட்டும்" என்பது ஓய்வல்ல. மெதுவாக ஓட்டினாலும் 120 கி.மீ. தூரத்துக்கு இருபதாயிரம் மிதிக்குக் குறையாது. அதோடு குழுவைவிட்டுப் பின்தங்கி, தனியாக எதிர்காற்றையும் வாங்குவார். இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

அன்று மாலை ஒரு முறை, மறுநாள் காலை எழுந்ததும் ஒரு முறை என இரண்டு தடவை பார்த்து முடிவெடுங்கள். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மாலையில் மூன்றுக்குள் இருந்து, காலையில் இன்னும் குறைந்திருந்தால் பாதி தூரம் ஓட்டி, மீதி வண்டியில் வரலாம். நான்கும் அதற்கு மேலும் என்றாலோ, காலையில் முதல் நாளைவிடக் கூடியிருந்தாலோ முழு நாள் ஓய்வு. வீக்கம் இருந்தால் எண்ணே கேட்க வேண்டாம், ஓய்வுதான்.

முழு நாள் ஓய்வை மூன்று விதமாகக் கொடுக்கலாம். உபரி நாள் கையில் இருந்து, ஊரும் தங்கத் தோதாக இருந்தால் குழு முழுவதும் நிற்கலாம். புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற இடங்கள் இதற்கு ஏற்றவை. இரண்டாவது, காயம்பட்டவர் வண்டியிலோ பஸ்ஸிலோ அடுத்த இரவுத் தங்கலுக்கு முன்கூட்டியே போய்ப் படுத்துவிடுவது. பெரும்பாலும் இதைத்தான் பரிந்துரைப்போம். மற்றவர்களின் ஓட்டம் தடைப்படாது, அவருக்கும் முழு ஓய்வு கிடைக்கும், இரவில் குழுவோடு சாப்பிடுவார். மூன்றாவது, ஒரு துணையோடு அதே ஊரில் இரண்டு நாள் தங்கி, பிறகு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து குழுவைப் பிடிப்பது.

எதுவானாலும் அவரைத் தனியாக விடாதீர்கள். துணைக்கு நிற்பவரை நாளுக்கு ஒருவராக மாற்றுங்கள். ஒரே நண்பரின் பயணம் முழுவதும் தன்னால் வீணாகிறது என்ற எண்ணம் வந்தால் காயம்பட்டவர் சீக்கிரமே "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்.

6. முதல் 48 மணி நேரம்

வீக்கமும் சூடும் உள்ள இடத்தில் ஐஸ் வையுங்கள். கடற்கரைப் பாதையில் ஐஸ் கிடைப்பது சிரமமில்லை. ஜூஸ் கடையில் கேட்கலாம், கடலூர், நாகப்பட்டினம் போன்ற துறைமுக ஊர்களில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் உடைத்த ஐஸ் கிடைக்கும். மீன் ஐஸை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் பயன்படுத்துங்கள், தோல் கிழிந்த இடத்தில் வைக்காதீர்கள். நனைத்த மெல்லிய துண்டின் மேல் 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. நேரடியாகத் தோலில் வைத்தால் பனிப்புண் வரும்.

கிரேப் பேண்டேஜைப் பாதத்துப் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் வீக்கம் பாதத்தில் தேங்கும். சுற்றியபின் கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடியில் சிவக்காவிட்டால் இறுக்கம் அதிகம், அவிழ்த்துக் கட்டுங்கள். இரவில் கழற்றிவிடலாம். படுக்கும்போது காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து, நெஞ்சைவிடக் கால் உயரமாக இருக்கும்படி பாருங்கள்.

இனி நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. சுளுக்கு என்றதும் எண்ணெய் போட்டு நீவ ஆள் தேடுவார்கள். லாட்ஜ்காரரே அன்போடு ஒருவரை அழைத்து வருவார். முதல் இரண்டு மூன்று நாள் நீவக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கூடாது, மது கூடாது. உள்ளே கிழிந்த சிறு ரத்தக்குழாய்கள் அடைந்துகொண்டிருக்கும் நேரம் அது. நீவலும் சூடும் ரத்தக்கசிவைக் கூட்டி, ஒரு நாள் வீக்கத்தை நான்கு நாள் வீக்கமாக்கும். நாட்டுக் கட்டு போட விரும்புகிறவர்களையும் எக்ஸ்ரே பார்க்காமல் போட விடாதீர்கள். விலகிய எலும்பின் மேல் இறுக்கிக் கட்டினால் விரலுக்கு ரத்தம் போவதே தடைபடலாம்.

வலி மாத்திரையில் கவனம் தேவை. மெடிக்கல் ஷாப்பில் "முட்டி வலி" என்றதும் டைக்ளோஃபினாக் சேர்ந்த மாத்திரையை நீட்டுவார்கள். நாள் முழுதும் வியர்த்து உடலில் நீர் வற்றியவருக்கு அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் ஒன்று, அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி, அவ்வளவுதான் குழுவாகக் கொடுக்கலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவதை முற்றாகத் தடை செய்யுங்கள்.

சிராய்ப்பை அன்றே மண் போகக் கழுவ வேண்டும். சலைனோ குடிநீரோ ஊற்றி, காஸால் மெதுவாகத் துடைத்து, ஒட்டாத துணியால் மூடுங்கள். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். சாலையில் கிழிந்த காயத்துக்கு, கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மீண்டும் ஒன்று போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.

7. ஓய்வு நாளில் அவருக்கு வேலை கொடுக்காதீர்கள்

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் உண்டு. ஓட்டவில்லை என்ற குற்ற உணர்ச்சியில் காயம்பட்டவர் தண்ணீர் கேன் தூக்குவார், அறை பார்க்க மூன்று மாடி ஏறுவார், வெயிலில் நின்று எல்லோருக்கும் வாழைப்பழம் வெட்டுவார். மாலையில் முட்டி முதல் நாளைவிட வீங்கியிருக்கும். குழுவும் "அவர்தான் சும்மா இருக்காரே" என்று வேலை சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஏதாவது செய்தால்தான் மனம் ஆறும் என்றால் உட்கார்ந்தபடி செய்யும் வேலையைக் கொடுங்கள். அடுத்த ஊர் அறைக்குப் போன் பேசுவது, செலவுக் கணக்கு எழுதுவது, காற்றின் திசை பார்த்துச் சொல்வது போன்றவை. அசைவே கூடாது என்பதில்லை. சாப்பிடப் போய்வர நடக்கலாம், உட்கார்ந்து முட்டியை வலிக்காத அளவுக்கு நீட்டி மடக்கலாம். பத்து மணி நேரம் அசையாமல் கிடந்தால் மூட்டு விறைத்துப்போகும்.

சாப்பாட்டைக் குறைக்க விடாதீர்கள். இரண்டு முட்டை, சுண்டல், தயிர், மீன் என்று புரதம் உள்ளே போக வேண்டும். தசை ஆறுவதற்கு அதுதான் சரக்கு.

8. ஆளையும் சைக்கிளையும் நகர்த்துவது

ஆதரவு வண்டி இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் உள்ளூர்க் குட்டியானையை (சிறு சரக்கு வண்டி) அடுத்த ஊர்வரை பேசுவது எளிது. பேசும்போதே கயிறும் பழைய சாக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். சாக்கில்லாமல் கட்டினால் சட்டத்தின் பெயின்ட் மட்டுமல்ல, கியர் கம்பியும் போகும்.

பஸ்ஸில் ஏற்றுவது நடத்துநரின் விருப்பத்தையும் கூட்டத்தையும் பொறுத்தது. நடுவழியில் கை காட்டுவதைவிடப் பேருந்து நிலையத்தில் கேட்டால் வாய்ப்பு அதிகம். ரயிலில் உங்கள் பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்தால் சைக்கிள் அதே வண்டியில் வரும். பார்சலாகப் போட்டால் வேறு வண்டியில் வரக்கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல், ஆள் ஓர் ஊரிலும் சைக்கிள் ஓர் ஊரிலுமாகத் தவிக்கிறார்கள். சிறு நிலையங்களில் பார்சல் வசதி இருக்காது. ஒன்றரை மணி நேரம் முன்பே போய், சாக்கில் சுற்றி, பெயரும் போன் எண்ணும் இறங்கும் நிலையமும் எழுதி ஒட்டுங்கள்.

கழற்றும்போது பின்சக்கரச் சங்கிலியை மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். கியர் மாற்றும் கருவி உள்பக்கம் ஒதுங்கி அடிபடாமல் தப்பும். இடது பெடலின் மரை எதிர்த்திசை. வழக்கம்போலத் திருகினால் இன்னும் இறுகும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தை எடுத்ததும் பிரேக் கட்டைகளுக்கு இடையே மடித்த அட்டையைச் செருகுங்கள். யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொண்டு, சக்கரம் உள்ளே போகாது.

9. அவர் படுத்திருக்கும்போது சைக்கிளைத் திருத்துங்கள்

முதலில் இப்போதைய சீட் உயரத்தைச் சீட் போஸ்டில் டேப் ஒட்டிக் குறியுங்கள். பிறகு செருப்பில்லாமல் சீட்டில் உட்கார வைத்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். முட்டி நேராக வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. கால் மடங்கியிருந்தால் சீட் தாழ்வு, குதிகால் எட்டவில்லை என்றால் உயரம். கால் வலிப்பவரை ஏற்றவே வேண்டாம் என்றால் இதை மறுநாள் செய்யலாம்.

ஒரே தடவையில் 3 மி.மீ. மட்டும் மாற்றுங்கள். ஆர்வத்தில் இரண்டு செ.மீ. ஏற்றிவிட்டு, முன்முட்டி வலி போய்ப் பின்முட்டி வலி வந்தவர்கள் நிறைய. சீட் உயரம், கிளீட், ஹேண்டில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

கை மரப்பவருக்கு சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் உடல் முன்னால் சரிந்து, எடை முழுவதும் உள்ளங்கையில் விழும். சீட்டைச் சமமாக்கினாலே பாதிப் பேருக்குக் கை லேசாகிவிடும்.

10. மீண்டும் ஏறும் முன் சோதனை

கடைசி வலி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் போயிருக்க வேண்டும், மெதுவாகக் கரையும் வகை என்றால் 24 மணி நேரம். மாத்திரையின் பலத்தில் தேறினால் அது தேர்ச்சியல்ல.

பத்து நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். ஒரு மாடி ஏறி இறங்க வேண்டும். சுவரைத் தொட்டபடி, அடிபட்ட காலில் மட்டும் நின்று பத்து முறை பாதி உட்கார்ந்து எழ வேண்டும். வலி இரண்டைத் தாண்டக்கூடாது, முட்டி உள்பக்கம் சரியக்கூடாது. பிறகு இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வேகத்தில் 20 நிமிடம் சமதளத்தில் ஓட்டட்டும்.

இதோடு முடிவதில்லை. ஓட்டிய அன்று நன்றாக இருந்து, மறுநாள் காலையில் விறைப்பும் வீக்கமும் வந்தால் தோல்விதான். அதனால்தான் இந்தச் சோதனையை ஓய்வு நாளின் மாலையில் வைக்க வேண்டும், கிளம்பும் காலையில் அல்ல. காலையில் வைத்தால் எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அப்போது "முடியாது" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

11. திரும்பிய முதல் நாள்

வழக்கமான தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் முதல் நாள். நல்ல உதாரணம் தூத்துக்குடி–திருச்செந்தூர். 40 கி.மீ. அளவுதான், சமதளம், பஸ் அடிக்கடி உண்டு, போய்ச் சேருமிடத்தில் ரயிலும் உண்டு. முன்பு சொன்ன ராமநாதபுரம்–தூத்துக்குடி நீட்டை மட்டும் திரும்பும் நாளாக வைக்காதீர்கள். நிழலும் குறைவு, காற்றுக்கு மறைப்பும் குறைவு.

குழுவின் நடுவில் அவரை வையுங்கள். முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் மிதிக்கும் சுமை கால் பங்குக்கு மேல் குறையும். முன்னால் போய்க் காற்றைத் தாங்கும் பொறுப்பு அவருக்கு வரவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமான அதே காற்று, பக்கவாட்டில் தள்ளும்போது முட்டியும் தோளும் இரண்டு மடங்கு உழைக்கும்.

பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கக்கூடாது. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இலேசாக்கச் சொல்லுங்கள். பத்து கி.மீ.க்கு ஒரு முறை இறங்கி இரண்டு நிமிடம் நடக்கட்டும். வலி மூன்றைத் தொட்டால் அங்கேயே வண்டி. "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்ற பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. அடுத்த நாள் வழக்கமான தூரத்தில் பாதி ஓட்டலாம், அதற்கடுத்த நாள் முழுதாக.

12. பயணத்தை விட வேண்டிய நேரம்

இரண்டு முழு நாள் ஓய்வுக்குப் பிறகும் சோதனையில் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்புங்கள். தேறி, ஓட்டி, அதே வலி மறுபடி வந்தாலும் அப்படியே. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பிடி நழுவும் கை, குதிகால் நாணில் நறநறப்பு ஆகிய மூன்றுக்கும் இரண்டாவது வாய்ப்பே வேண்டாம். இந்தப் பயணத்தின் மீதி 200 கி.மீ.க்காக ஆறு மாதம் சைக்கிளைத் தொட முடியாமல் போகலாம்.

முடிவை இரவுச் சாப்பாட்டுக்கு முன், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொன்னால் அவர் மறுத்துப் பேச வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார். முடிந்தவரை வீட்டிலிருந்து ஒருவர் நிலையத்துக்கு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். சைக்கிளைக் குழுவே கொண்டுவரும் என்று உறுதி கொடுத்துவிட்டால் கிளம்ப மனம் இளகும்.

கையில் கொடுத்தனுப்ப வேண்டியவை: எக்ஸ்ரே படமும் அதன் போன் நகலும், மருந்துச் சீட்டு, எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்ற குறிப்பு, வலி தொடங்கிய நாள், அன்று ஓட்டிய தூரம், பழைய சீட் உயரமும் மாற்றிய உயரமும். ஊரில் பார்க்கும் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ முதலில் கேட்பது இவற்றைத்தான். அவை பெட்டியில் வேண்டாம், அவர் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும்.